தூங்கினால் முகம் மாறுமா? கருவளையம், வீங்கிய கண், வெளிறிய முகம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

ராக்கோழி | இரவு 1.47

வணக்கம் மக்களே. நேரத்தைப் பார்த்ததும் திட்ட ஆரம்பித்துவிடாதீர்கள், அதைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

வயது 34. ஏழெட்டு வருடமாக ஒரு மணி, ஒன்றரைக்கு முன்னால் படுத்ததில்லை. காலை ஆறரைக்கு அலாரம். பாதிக் காரணம் வேலை, மீதிப் பாதி போன், பொய் சொல்ல விரும்பவில்லை. போன வாரம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் லிஃப்டில் என் முகத்தைப் பார்த்துவிட்டு "உடம்பு முடியலையாக்கா?" என்றான். அன்றைக்கு எனக்கு ஒரு தலைவலிகூட இல்லை, நல்ல குஷியில் வேறு இருந்தேன். அந்தக் கேள்வி மனதில் உட்கார்ந்துகொண்டது. கருவளையம் எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே உண்டு, அதற்காக வாங்கிய கிரீம் டப்பாக்களை அடுக்கினால் ஒரு தட்டு நிறையும். இப்போது கூடவே காலையில் கண் வீங்குகிறது, முகம் வெளிறிப்போய், பல தடவை துவைத்த துணி மாதிரி இருக்கிறது.

கேள்வி இதுதான். தூக்கத்தைச் சரிசெய்தால் நிஜமாகவே முகம் மாறுமா, இல்லை "தண்ணீர் நிறையக் குடி" மாதிரி எல்லோரும் எல்லாவற்றுக்கும் சொல்லும் பதிலா? கிரீம் பெயர் மட்டும் யாரும் சொல்ல வேண்டாம், தயவுசெய்து.

கும்பகர்ணன் | காலை 6.10

முதலில் போனை வைத்துவிட்டுப் படும்மா. மீதியை அப்புறம் பேசலாம்.

மணிமுத்து | காலை 7.35

கண்டிப்பாக மாறும். நான் தேர்வுக்குப் படித்த இரண்டு வருடமும் பேய் மாதிரி இருந்தேன், முடித்த ஒரே மாதத்தில் முகம் தெளிந்துவிட்டது. ஆனால் ஒன்று, இரவு 10 மணியிலிருந்து 2 மணிக்குள் தூங்கினால்தான் தோலைப் புதுப்பிக்கிற ஹார்மோன் சுரக்கும். 2 மணிக்கு மேல் எவ்வளவு தூங்கினாலும் வீண். நீங்கள் ஒன்றரைக்குப் படுத்தால் அரை மணி நேரம்தான் கணக்கு.

சந்தேகப்பேர்வழி | காலை 9.22

இந்த 10 முதல் 2 கதையை யார் கிளப்பிவிட்டார்களோ, விடாமல் சுற்றுகிறது. வளர்ச்சி ஹார்மோன் ஆழ்ந்த தூக்கத்தில் அதிகம் சுரக்கிறது என்பது சரி. ஆனால் ஆழ்ந்த தூக்கம் கடிகாரத்தைப் பார்த்து வருவதில்லை, எப்போது தூங்க ஆரம்பித்தாலும் முதல் சில மணி நேரத்திலேயே அதன் பெரும்பகுதி வந்துவிடுகிறது. ஒன்றரைக்குப் படுக்கிறவருக்கும் அந்த முதல் பங்கு கிடைத்துவிடும். அவர் இழப்பது, அலாரம் அடித்து வெட்டிவிடுகிற கடைசிப் பங்கை. பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும் என்கிறார்கள், ராக்கோழிக்கு 5தான் கிடைக்கிறது. பிரச்சினை அங்கே இருக்கிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். இதை நிஜமாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்வீடனில் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் ஆக்செல்சன் குழு, 2010இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டது. 18 முதல் 31 வயது வரை உள்ள 23 பேரை இரண்டு தடவை படம் எடுத்தார்கள். ஒன்று 8 மணி நேரம் தூங்கிய பிறகு, இன்னொன்று ஓர் இரவு அரைகுறையாகத் தூங்கி, அதன்பின் 31 மணி நேரம் விழித்திருந்த பிறகு. இரண்டுமே பிற்பகல் 2 மணியிலிருந்து 3 மணிக்குள், மேக்கப் இல்லாமல், முடியைப் பின்னால் வாரி, ஒரே தூரத்திலிருந்து எடுத்தவை. 65 பேர் அந்தப் படங்களுக்கு மார்க் போட்டார்கள். தூங்காத முகம் களைப்பாகவும் ஆரோக்கியம் குறைந்தும் அழகு குறைந்தும் தெரிந்தது என்பது முடிவு.

இது செய்தியாகச் சுற்றும்போது எவ்வளவு குறைந்தது என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். 100க்குக் கணக்கு. களைப்பு 44இலிருந்து 53க்கு ஏறியது. ஆரோக்கியம் 68இலிருந்து 63. அழகு 40இலிருந்து 38. ரெண்டே ரெண்டு மார்க்! 31 மணி நேரம் கண் விழித்து இழந்தது அவ்வளவுதான். அழகு அத்தனை சீக்கிரம் ஓடிப்போவதில்லை, களைப்புதான் முந்திக்கொண்டு வெளியே வருகிறது. அந்தப் பையனும் உங்களை அழகில்லை என்று சொல்லவில்லையே, உடம்பு முடியலையா என்றுதானே கேட்டான்?

ராக்கோழி | காலை 10.05

அதுவும் சரிதான். ஆனால் ஒரு கணக்கு இடிக்கிறது. அவர்கள் ஒரு ராத்திரி தூங்காதவர்கள், நான் எட்டு வருடமாகப் பாதி தூங்குகிறவள். எனக்கும் ரெண்டு மார்க்தான் போயிருக்கும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

சந்தேகப்பேர்வழி | காலை 10.18

சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. எட்டு வருடம் யாரையும் ஆய்வுக்கூடத்தில் உட்காரவைத்துப் படம் எடுக்க மாட்டார்கள். கிட்டத்தட்ட வாழ்க்கையோடு ஒட்டியது என்றால் 2017இல் அதே வட்டாரத்து ஆட்கள் செய்த இன்னொன்று: இரண்டு ராத்திரி வெறும் 4 மணி நேரம் தூங்கவிட்டுப் படம் எடுத்தார்கள். 122 பேர் பார்த்தார்கள். அழகு குறைந்ததாகத் தெரிந்ததோடு, "இவரோடு பேசிப் பழகத் தோன்றுகிறதா" என்ற கேள்விக்கும் ஆர்வம் கொஞ்சம் குறைந்தது. அதுவும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் இருந்தது.

ஒளியும்நிழலும் | பிற்பகல் 1.40

நான் 19 வருடமாகப் படம் எடுக்கும் தொழிலில் இருக்கிறேன். அடையாள அட்டைக்கும் விண்ணப்பங்களுக்கும் எடுக்கிற சின்னப் படங்கள்தான் அதிகம். ஒரு நாளைக்கு இருபது முப்பது முகங்களைத் திரையில் மூன்று மடங்கு பெரிதாக்கிப் பார்க்கிறவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

வருகிற எல்லோரும் கேட்பது "அந்தக் கருவளையத்தை எடுத்துருங்க". எடுத்துவிடலாம், அரை நிமிட வேலை, கன்னத்துத் தோலிலிருந்து கொஞ்சம் எடுத்து மேலே பூசினால் போச்சு. ஆனால் தூங்காமல் வந்தவருக்கு அதை எடுத்த பிறகும் முகம் சோர்ந்தே கிடக்கும். ஆரம்பத்தில் எனக்கு இது புரியவில்லை. இன்னும் கொஞ்சம் வெளுப்பேன், கண்ணைச் சுற்றி மாவு பூசிய மாதிரி ஆகி இன்னும் கெட்டுப்போகும்.

அப்புறம்தான் பிடிபட்டது, விஷயம் மேல் இமையில் இருக்கிறது. நன்றாகத் தூங்கி வந்தவருக்கு மேல் இமையின் விளிம்பு கருவிழியின் மேல் ஓரத்தை லேசாக மூடிக்கொண்டு நிற்கும். தூங்காதவருக்கு அது இன்னும் ஒரு நூல் இறங்கியிருக்கும். அந்த ஒரு நூலில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். எங்கள் விளக்கு கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளியாக விழுமே, கண்ணுக்கு உயிர் கொடுப்பது அந்தப் புள்ளிதான். இமை இறங்கினால் அது பாதி மறைந்துவிடும். அடுத்தது உதட்டின் இரண்டு ஓரங்கள். களைத்தவருக்கு அவை தானாகக் கீழே இறங்கியிருக்கும். அவருக்கு வருத்தம் ஒன்றும் இருக்காது, படத்தில்தான் வருத்தம் வந்து உட்கார்ந்துகொள்ளும். "கொஞ்சம் சிரிங்க" என்றால் உதடு சிரிக்கும், கண் கூட வராது.

வெள்ளை விழியில் ஓடுகிற சிவப்பு நரம்பை எடுப்பது சுலபம். இமையைத் தூக்குவதுதான் என்னால் ஆகாது. தூக்கினால் வேறு ஆள் ஆகிவிடுவார், அடையாளப் படத்தில் அது தப்பும்கூட. அதனால் ராத்திரி வேலை முடித்து நேராக வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: அவசரம் இல்லை என்றால் தூங்கிவிட்டு வாங்க, இன்றைக்கு எடுத்தால் பத்து வருடம் இந்த மூஞ்சியோடுதான் அட்டையில் இருப்பீங்க.

இன்னொன்று, ராக்கோழி. குளியலறைக் கண்ணாடியை நம்பாதீர்கள். விளக்கு தலைக்கு மேலே இருந்தால் புருவ எலும்பின் நிழலும் கண் குழியின் நிழலும் நேராகக் கருவளையம் இருக்கும் இடத்தில்தான் விழும். பகலில் ஜன்னலுக்கு நேர் எதிரே, வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி நின்று பாருங்கள். பாதி காணாமல் போனால், அந்தப் பாதி வெறும் நிழல்.

சந்தேகப்பேர்வழி | பிற்பகல் 2.02

அண்ணா, நீங்கள் சொன்னதை 2013இல் டீனா சுண்டெலின் என்பவர் ஆய்வாகவே செய்திருக்கிறார். 10 பேரின் படங்கள், பார்த்தவர்கள் 40 பேர். தூங்காத முகத்தில் என்னென்ன தெரிந்தது என்று பட்டியலே உண்டு: தொங்கும் இமை, சிவந்த கண், வீங்கிய கண், கண்ணுக்குக் கீழே கருமை, வெளிறிய தோல், கூடுதல் சுருக்கம், இறங்கிய உதட்டோரம். பார்த்தவர்களுக்கு அந்த முகங்கள் சோகமாகவும் தெரிந்தன.

ஒளியும்நிழலும் | பிற்பகல் 2.09

10 பேருக்கே ஆய்வு என்றால் எனக்கு இந்நேரம் டாக்டர் பட்டமே கொடுத்திருக்க வேண்டும் தம்பி.

வெள்ளைக்கோட்டு_இல்லை | மாலை 5.50

நான் மருத்துவர் இல்லை, தோல் சிகிச்சைப் பிரிவில் 11 வருடமாகச் செவிலியர். கருவளையம் என்று ஒரே பெயரில் வருவது மூன்று நான்கு வெவ்வேறு சங்கதிகள். அதைப் பிரிக்காமல் கிரீம் வாங்குவதால்தான் தட்டு நிறைகிறது.

இமைத் தோல்தான் உடம்பிலேயே மெல்லியது, ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். கீழே ஓடும் ரத்தக் குழாய்கள் அதன் வழியாக நீலமாக, ஊதாவாகத் தெரியும். தூக்கம் கெட்டால் முகம் வெளிறும், வெளிறினால் அந்த நீலம் இன்னும் எடுப்பாகத் தெரியும். இந்த வகை தூக்கத்துக்கு அசையும். இரண்டாவது பழுப்பு நிறம், அது தோலிலேயே இருக்கிற நிறமி. பரம்பரையாக வரும், ஒவ்வாமையால் கண்ணைக் கசக்கிக் கசக்கியும் வரும், மாநிறத்துக்கும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ரொம்பச் சாதாரணம். நீங்கள் பத்து மணி நேரம் தூங்கினாலும் அது இருந்த இடத்தில் இருக்கும். மூன்றாவது ஸ்டுடியோ அண்ணா சொன்ன நிழல். கண்ணுக்குக் கீழே பள்ளமாக இருந்தால் விழும், வயது ஏறினால் ஆழமாகும். பெரும்பாலானவர்களுக்கு இவை கலந்துதான் இருக்கும்.

வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். ஜன்னல் வெளிச்சத்தில் கீழ் இமைத் தோலை விரலால் மெதுவாக (மெதுவாக!) கீழே இழுங்கள். பழுப்பு அப்படியே தோலோடு நகர்ந்தால் நிறமி. தோல் மெலிய மெலிய ஊதா கூடினால் ரத்தக் குழாய். முகத்தை மேலே தூக்கி வெளிச்சத்துக்குக் காட்டினால் மறைவது நிழல்.

வீக்கத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. படுத்திருக்கும்போது நீர் முகத்தில் தேங்கும், எழுந்து நடமாடினால் வடியும். காலையில் இருந்து பதினோரு மணிக்குள் குறைகிறது என்றால் அது நீர். அழுதாலும், உப்பு அதிகமானாலும், மது குடித்தாலும் கூடும், தலையைக் கொஞ்சம் உயர்த்திப் படுத்தால் குறையும். நாள் முழுக்க அசையாமல் இருக்கிற பை என்றால் அது கொழுப்பு முன்னே தள்ளியிருப்பது, தூக்கத்தைக் குறை சொல்லிப் பயன் இல்லை. முகத்தோடு காலும் வீங்கினாலோ, சோர்வும் முடி கொட்டுதலும் எடை மாற்றமும் சேர்ந்து இருந்தாலோ சிறுநீரகம், தைராய்டு, ரத்தச்சோகை மூன்றையும் பார்த்துவிடுங்கள். வெளிறிய முகம் என்று எழுதியிருக்கிறீர்கள், கீழ் இமையின் உட்புறமும் வெளிறியிருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

வீட்டில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யாருக்காவது உங்களை மாதிரி கண் உண்டா?

ராக்கோழி | மாலை 6.30

அம்மாவுக்கு இல்லை. அப்பாவுக்குக் கொஞ்சம் உண்டு, ஆனால் அவரும் காலமெல்லாம் இரவு வேலை பார்த்தவர், அதனால் என்றுதான் நினைத்திருந்தோம். தாத்தாவை எனக்கு நினைவில்லை. இழுத்துப் பார்த்தேன் அக்கா, பழுப்பு தோலோடு வருகிறது, ஓரத்தில் மட்டும் ஊதா. கலவை போல.

பஞ்சுத்தலையணை | மாலை 6.44

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பட்டுத் தலையணை உறை போட்டால் முகத்தில் கோடு விழாது என்கிறார்களே, உண்மையா?

இரும்புக்கை | இரவு 8.15

நான் உடற்பயிற்சிக்காரன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எல்லோரும் கண்ணையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், தோற்றம் என்றால் கழுத்துக்குக் கீழேயும்தானே. 2004இல் ஒரு சோதனை, 12 இளைஞர்கள், இரண்டு ராத்திரி 4 மணி நேரத் தூக்கம். வயிறு நிறைந்தது என்று சொல்கிற லெப்டின் ஹார்மோன் 18 சதவீதம் குறைந்தது, பசியைக் கிளப்புகிற கிரெலின் 28 சதவீதம் கூடியது. இன்னொன்று 2010இல், அளவாகச் சாப்பிட்டு எடை குறைத்த 10 பேர். 14 நாள் 8.5 மணி நேரம் படுக்கை, இன்னொரு 14 நாள் 5.5 மணி நேரம். இரண்டு தடவையும் எடை இறங்கியது, ஆனால் குறைவாகத் தூங்கியபோது இறங்கியதில் கொழுப்பின் பங்கு 55 சதவீதம் குறைவு. அதாவது கொழுப்புக்குப் பதிலாகத் தசை போன்ற மற்றவை கூடுதலாகக் கரைந்தன. பட்டினி கிடந்து தசையை இழப்பதைவிடக் கொடுமை வேறு இல்லை. என்னிடம் வருகிற பையன்கள் காலை 5 மணிக்கு வந்து நிற்பார்கள், ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தாய் என்றால் தலையைச் சொறிவார்கள். போய்த் தூங்கு என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

தாலாட்டு | அதிகாலை 3.20

நான் எழுதுகிற நேரத்திலிருந்தே தெரிந்திருக்கும். மூன்று மாதக் குழந்தை. 7 மணி நேரம், 8 மணி நேரம் என்று நீங்கள் எழுதுவதைப் படித்தால் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. தொடர்ந்து இரண்டரை மணி நேரம் தூங்கினால் எனக்கு அன்று பண்டிகை. பார்க்க வருகிறவர்கள் குழந்தையைப் பார்த்துவிட்டு அடுத்த வாக்கியமே "நீ ஏன் இப்படி ஆயிட்ட" என்பதுதான். எனக்கு ஏதாவது சொல்லுங்கள், தூங்கு என்பதைத் தவிர.

வெள்ளைக்கோட்டு_இல்லை | காலை 6.05

தாலாட்டு, இது தற்காலிகம், முதலில் அதை நம்புங்கள். பகலில் குழந்தை தூங்கும்போது 20 நிமிடம் கண்ணை மூடினாலும் அது கணக்கில் சேரும். பாத்திரம் கிடக்கட்டும். ஒரு ராத்திரியாவது, முதல் நான்கு மணி நேரத்தை வேறு யாராவது பார்த்துக்கொள்ள முடியுமா பாருங்கள். மேலே ஒருவர் எழுதியது போல ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி அந்தத் தொடக்கத்தில்தான் இருக்கிறது. கண் வீங்கினால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஐந்து பத்து நிமிடம் வையுங்கள், ஐஸை நேராக வைக்க வேண்டாம். தோல் வறண்டால் படுக்குமுன் எதாவது ஒரு சாதாரண மாய்ஸ்சரைசர் போதும். இரவில் தோலிலிருந்து நீர் ஆவியாவது பகலைவிட அதிகம், அரிப்பும் அப்போதுதான் ஏறும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், இங்கே பதில் சொல்ல வேண்டாம். குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராமல் மனம் ஓடிக்கொண்டே இருக்கிறதா? காரணமில்லாமல் அழுகை வருகிறதா? அப்படி என்றால் முகத்தை விடுங்கள், உங்கள் மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

தாலாட்டு | காலை 6.31

சொல்கிறேன் அக்கா. நன்றி.

மணிமுத்து | காலை 8.00

10 முதல் 2 விஷயத்தில் நான் தப்பு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் தூங்கும்போது தோல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்பதாவது உண்மையா, அதுவும் கதையா?

சந்தேகப்பேர்வழி | காலை 8.40

அதில் உண்மை இருக்கிறது. 2015இல் வெளிவந்த ஒன்று, அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் நடந்தது. 30 முதல் 49 வயதுள்ள 60 பெண்கள். நன்றாகத் தூங்குகிறவர்கள் ஒரு பக்கம், தூக்கம் கெட்டவர்கள் ஒரு பக்கம். தோலில் டேப் ஒட்டி ஒட்டிப் பிய்த்து மேலடுக்கைக் கொஞ்சம் எடுத்துவிட்டு எவ்வளவு சீக்கிரம் மூடிக்கொள்கிறது என்று அளந்தார்கள். 72 மணி நேரம் கழித்து, நன்றாகத் தூங்குகிறவர்களின் தோல் 30 சதவீதம் கூடுதலாகத் தேறியிருந்தது. புற ஊதாக் கதிரால் சிவந்த தோலும் அவர்களுக்குச் சீக்கிரம் அடங்கியது. பணம் கொடுத்தது எஸ்டீ லாடர் என்ற அழகுசாதன நிறுவனம், அதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம், தூக்கம் கெட்டதால் தோல் கெட்டதா, இரண்டும் கெடுவதற்கு மன அழுத்தம் மாதிரி வேறு ஏதாவது காரணமா என்பதை இப்படிப்பட்ட ஆய்வால் பிரிக்க முடியாது.

பாதிநிலா | காலை 11.15

எங்கள் வீட்டுக் கதை வேறு மாதிரி. என் கணவர் 9 மணி நேரம் தூங்குவார். தூக்கம் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் காலையில் எழுந்தால் முகம் உப்பி, நெற்றி கனத்து, கண் சிவந்து, ராத்திரி முழுக்க மூட்டை தூக்கியவர் மாதிரி இருப்பார். தலைவலியோடு எழுவார். சிக்னலில் வண்டியை நிறுத்தினால் கண் சொருகும். குறட்டை உண்டு, அதை நாங்கள் வீட்டில் கிண்டலாகவே வைத்திருந்தோம். ஒரு ராத்திரி நான் தூக்கம் வராமல் படுத்திருந்தபோதுதான் கவனித்தேன், குறட்டை திடீரென்று நின்றது. அப்பாடா என்று நினைத்தேன். எண்ண ஆரம்பித்தேன், ஏன் எண்ணினேன் என்று தெரியவில்லை. இருபது தாண்டியும் மூச்சு இல்லை. அப்புறம் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியவர் மாதிரி ஒரு பெரிய இழுப்பு. திரும்பவும் குறட்டை. இது ராத்திரி முழுக்க நடந்துகொண்டிருந்திருக்கிறது.

சோதனை செய்தார்கள், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய், ஆங்கிலத்தில் ஸ்லீப் ஆப்னியா. இப்போது ராத்திரி மூக்கில் மாட்டும் காற்று இயந்திரம். முதல் இரண்டு வாரம் சண்டை, கழற்றி வீசுவார். மூன்றாவது மாதத்தில் அவர் தங்கை வந்தவள் "அண்ணன் இளைச்சுட்டாரா" என்றாள். எடை அரைக் கிலோகூட மாறவில்லை, உப்பல்தான் வடிந்திருந்தது. காலையில் கன்னத்தில் பட்டை வார் பதிந்த கோடு மட்டும் ஒரு மணி நேரம் இருக்கும், அதைத் தடவிக்கொண்டே பேப்பர் படிப்பார். படுத்தும் தேறாத முகம் இருந்தால் பக்கத்தில் படுப்பவர்களைக் கேளுங்கள்.

சந்தேகப்பேர்வழி | காலை 11.40

அக்கா, இதற்கும் ஆய்வு உண்டு, சொன்னால் அடிக்க வராதீர்கள். 2013, மிச்சிகன் பல்கலைக்கழகம், ரொனால்ட் செர்வின் குழு. ஆப்னியா உள்ள 20 பேரை அந்த இயந்திர சிகிச்சைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்தார்கள். சிகிச்சைக்குப் பின் எடுத்த படங்கள் சுறுசுறுப்பாக, இளமையாக, அழகாகத் தெரிந்தன. நெற்றி உப்பலும் முகச் சிவப்பும் குறைந்ததை அளந்தும் காட்டினார்கள். ராக்கோழி கவனிக்க வேண்டியது அடுத்த வரி: கண்ணுக்குக் கீழே கருமையிலும் பையிலும் மாற்றம் எதையும் அவர்களால் காட்ட முடியவில்லை. அவர்களுக்கே அது ஆச்சரியம்.

கைக்கடிகாரம் | இரவு 10.20

என் பிரச்சினை தலைகீழ். முகம் கெட்டுவிடும் என்ற பயத்தில் தூக்கத்தை அளக்கிற வாட்ச் வாங்கினேன். தினமும் காலையில் அது மார்க் போடும். 62 என்று போட்டால் கண்ணாடியில் முகம் 62 மாதிரியே தெரிகிறது, 85 என்றால் பளபளப்பு. ஒருநாள் வாட்ச் சார்ஜ் இல்லாமல் நின்றுபோனது, எனக்கு எப்படி இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. இப்போது படுத்ததும் "இன்று எத்தனை வரும்" என்ற நினைப்பிலேயே 2 மணி வரை முழித்துக் கிடக்கிறேன்.

சந்தேகப்பேர்வழி | இரவு 10.31

இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள், ஆர்த்தோசோம்னியா, 2017இல். கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தால் இருபது நிமிடம்போல ஆனதும் எழுந்து வேறு அறைக்குப் போய், மங்கலான வெளிச்சத்தில் சுவாரசியமே இல்லாத எதையாவது செய்யுங்கள், கண் சொருகினால் திரும்பி வாருங்கள். எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். மாத்திரைக்கு முன்னால் மருத்துவர்கள் சொல்லிக்கொடுக்கிற முறை இதுதான். மதியத்துக்கு மேல் காபியும் வேண்டாம், அதில் பாதி உடம்பை விட்டுப் போக ஐந்தாறு மணி நேரம் ஆகும்.

கும்பகர்ணன் | இரவு 10.33

நானும் ஒரு வாட்ச் கட்டிப் பார்த்தேன். என் மார்க்கைப் பார்த்து அதுவே தூங்கிவிட்டது.

பஞ்சுத்தலையணை | காலை 9.10

தலையணை உறை பற்றிக் கேட்டிருந்தேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

வெள்ளைக்கோட்டு_இல்லை | காலை 9.48

மன்னிக்கவும், விட்டுப்போனது. பக்கவாட்டில், குப்புறப் படுப்பவர்களுக்கு முகம் அழுந்தி விழும் கோடுகள் நிஜம். இளம் வயதில் எழுந்த சிறிது நேரத்தில் மறையும், வயது ஏற ஏற மறைய நேரமாகும், கடைசியில் தங்கிவிடும். சிரிப்பதால் வருகிற கோடுகளிலிருந்து இவை வேறு திசையில் ஓடும். பட்டு வழுக்கும், உராய்வு குறையும், ஆனால் தலையின் பாரம் பாரம்தானே, அழுத்தம் அப்படியே இருக்கும். மல்லாந்து படுக்கப் பழகலாம், குறட்டை உள்ளவர்களுக்கு அது நல்லதல்ல. கோட்டுக்குப் பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். உறையை அடிக்கடி துவைத்தால் போதும்.

ராக்கோழி | 26 நாட்கள் கழித்து, மாலை 7.15

வந்துவிட்டேன். நேரத்தைக் கவனிக்கவும், பகல் ஆட்களின் நேரம்!

செய்தது இவ்வளவுதான். போன் சார்ஜரைக் கூடத்துக்கு மாற்றினேன். பதினொன்றுக்குப் படுக்கை, ஆறரைக்கு எழுந்திருத்தல், ஞாயிறு உட்பட. முதல் வாரம் கொடுமை, பன்னிரண்டரை வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், முகம் முன்னைவிட மோசம், விட்டுவிடலாம் என்றே நினைத்தேன். இரண்டாம் வாரத்தில் ஒருநாள் அலாரத்துக்கு முன்னாலேயே விழிப்பு வந்தது, பயந்துபோய் மணி பார்த்தேன். ரத்தப் பரிசோதனையும் எடுத்தேன், ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவு, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதனால் வெளிறல் குறைந்தால் தூக்கத்துக்கு முழுப் பெருமையும் கொடுக்க முடியாது, சந்தேகப்பேர்வழி கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

தினமும் காலை ஒன்பது மணிக்கு அதே ஜன்னல், அதே தூரம், சிரிக்காமல் ஒரு படம் எடுத்தேன். 26 படங்களையும் வரிசையாகப் பார்த்தால், காலை வீக்கம் மூன்றாம் வாரத்தில் கிட்டத்தட்ட இல்லை. கண் சிவப்பு போயிற்று. ஸ்டுடியோ அண்ணா சொன்ன அந்த ஒரு நூல், முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் எனக்கே தெரிகிறது. கருவளையம்? ஓரத்து ஊதா வெளுத்திருக்கிறது. பழுப்பு அப்படியே, அசையவில்லை.

லிஃப்ட் பையனை நேற்றுப் பார்த்தேன். என் முகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தன் சம்பளச் சீட்டில் ஏதோ தப்பு என்று ஆறு மாடியும் புலம்பிக்கொண்டே வந்தான்.

இன்னொரு விஷயம். அக்கா கேட்டாரே என்று அப்பாவிடம் தாத்தா படம் கேட்டேன். கறுப்பு வெள்ளை, அஞ்சலட்டை அளவு, மடிந்து நடுவில் கோடு விழுந்தது, முப்பது வயது இருக்கும் அவருக்கு. விவசாயம் பார்த்தவர், எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுவாராம், இடி விழுந்தாலும் எழமாட்டாராம். படத்தில் கண்ணுக்குக் கீழே பார்த்தேன். என் கண். அதே பள்ளம், அதே கருப்பு.

வெள்ளைக்கோட்டு_இல்லை | மாலை 7.40

கிரீம் தட்டைக் காலி செய்துவிடலாம்.

ஒளியும்நிழலும் | இரவு 8.05

அந்தப் படத்தை நல்ல வெளிச்சத்தில், விளக்கு பிரதிபலிக்காமல் எடுத்துத் தனிச்செய்தியில் அனுப்பம்மா. மடிப்புக் கோட்டையும் கறைகளையும் எடுத்து, பெரிதாக்கித் தருகிறேன், அப்பாவுக்குக் கொடு. கண்ணுக்குக் கீழே மட்டும் கை வைக்க மாட்டேன்.